அண்ணி தைத்த பெல்ட்

மின்வாரிய அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலை எனக்கு. கரண்ட் போனால், பில் எகிறினால், மீட்டர் ஓடாமல் நின்றால் ஊரே எனக்குத்தான் போன் போட்டுத் திட்டும். "விதி அப்படித்தான் சார், நான் என்ன பண்றது" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்குத் தூக்கத்தில்கூட அதே வாக்கியம் வரும். ஆனால் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்த பிறகு அந்த வாக்கியத்தைக் கேட்கிற இடத்தில் நான் நின்றேன். சொல்வது சுலபம், கேட்பதுதான் கொடுமை.

என் பெண் அவசரக்காரி. நாள் ஆகும் முன்னே பிறந்துவிட்டாள். பிறந்தபோது அவள் அப்பாவின் உள்ளங்கையில் தலையும் மணிக்கட்டுத் தாண்டிக் காலுமாகப் படுத்திருந்தாள். பெயர் வைக்கவே எல்லோருக்கும் பயம். பொடிசு, பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கண்ணாடிப் பெட்டியிலும், பிறகு சின்னத் தொட்டிலிலும் கிடந்தாள். நான் காலையில் போய்ப் பால் கொடுப்பேன், சாயங்காலம் போய்ப் பால் கொடுப்பேன், நடுவில் வீட்டுக்கு வந்து காலித் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெற்றவள் என்று பெயர், ஆனால் விசிட்டர் நேரம் பார்த்துத்தான் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

ஒரு வழியாக டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணியைச் சுருட்டி, பாட்டிலைக் கழுவி, பையைக் கட்டி நிமிர்ந்தால் வார்டு சிஸ்டர் குறுக்கே நிற்கிறார்.

"கார்ல குழந்தை சீட் இருக்கா?"

"இல்லைங்க. நான் மடியிலதான் வெச்சுக்கப் போறேன்."

"மடியில வெச்சுக்கிட்டுப் போகக் கூடாதும்மா. சொந்த வண்டின்னா, இன்னைக்குப் பொறந்த குழந்தையா இருந்தாலும் அதுக்குன்னு செஞ்ச சீட்டுலதான் போகணும். பின் சீட்டுல வெச்சு, குழந்தை முகம் வண்டிக்குப் பின்பக்கம் பாக்கிற மாதிரி கட்டணும். சட்டம் அது. சீட்ட நாங்க பாத்தப்புறம்தான் குழந்தைய வெளிய விடுவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "நான் என்ன பண்றதும்மா, விதி அப்படி."

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். "சரிங்க சிஸ்டர்" என்று அவருக்கும் தலையாட்டிவிட்டு, நேராகத் தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

அந்த அக்காதான் எனக்கு அண்ணி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. ஊரில் ஓடுகிற டாக்ஸியில் பாதிக்கு அவர்தான் உறை தைத்திருப்பார். எந்தச் சீட்டு அவர் கைக்குப் போனாலும் ஸ்பாஞ்சு கூடுதலாகத்தான் திரும்பி வரும். அளவு சரியாக இருக்கிறது என்று ஒரு பொருளை அவர் விட்டுவைத்து நான் பார்த்ததில்லை. என் கல்யாணப் புடவைக்கு நான் கேட்காமலே ஓரம் அடித்துக் கொடுத்தவர் அவர். நல்ல மனசு. அந்த நல்ல மனசைத் தாங்கத்தான் நமக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அண்ணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் அவருடைய மூன்று பையன்களும் உட்கார்ந்த பழைய குழந்தை சீட். அதற்குப் புது உறை வேறு.

சிஸ்டர் அந்த உறையைப் பார்க்கவே இல்லை. சீட்டைக் கவிழ்த்து, அடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "இதோட காலம் முடிஞ்சு எவ்வளவோ வருஷம் ஆச்சுங்களே" என்றார்.

"சீட்டுக்கு எங்கம்மா காலம் முடியும்? அது என்ன பாலா, தயிரா?" என்றார் அண்ணி.

"பிளாஸ்டிக் உள்ள விரிசல் விட்டிருக்கும். வெளிய தெரியாது. இந்த சீட் இருந்த வண்டி எப்பவாச்சும் எங்கயாவது இடிச்சிருக்கா?"

அண்ணி யோசித்தார். "பெருசா இல்ல. பையன் ஒரு தடவ கேட்டுல விட்டான்."

"இடிச்ச வண்டியில இருந்த சீட்ட மறுபடி போடக் கூடாதுங்க."

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. தன் மூன்று பிள்ளைகளும் இதில்தான் வளர்ந்தார்கள், யாருக்கு என்ன குறைந்துவிட்டது என்று ஆரம்பித்து, அந்தக் காலத்தில் எல்லோரும் மடியில் போகவில்லையா என்பதுவரை வந்து நின்றார். அதைக் கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை மறைப்பானேன். எவனோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதின சட்டத்துக்காக என் பிள்ளை இன்னொரு ராத்திரி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை சிஸ்டரிடம் சொல்லவும் சொன்னேன். இதைவிட மோசமாகவெல்லாம் கேட்டுப் பழகியவர் போல அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இரவல் கொடுக்கிற சீட் ஒன்று உண்டாம், அதை வேறு குடும்பம் கொண்டுபோயிருக்கிறதாம்.

அன்று சாயங்காலமே புது சீட் வாங்கிவிட்டோம். கடை மூடும் நேரம், கடைக்காரர் பாதி ஷட்டரை இழுத்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார். "நாளைக்கு வாரலீவு, இன்னைக்கு வந்தீங்களே, நல்லதாப் போச்சு" என்றார். நானும் நல்லதாப் போச்சு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சீட்டைத் தொட்டிலுக்குள் வைத்துப் பார்த்தேன், மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். பொடிசு உட்கார்ந்தால் எப்படி இருப்பாள் என்று ஒரு தலையணையை உட்காரவைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அண்ணி வந்தார்.

"துணி சொரசொரன்னு இருக்கே. பிள்ளை தோலு தாங்குமா? குடு, ஒரு மெத்த வெச்சுத் தெச்சு காலையில கொண்டாந்துடறேன்."

"வேணாம் அண்ணி. இருக்கிறபடி இருக்கட்டும்."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும், நான் சீட்டுலயே பொழைக்கிறவ."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்தா, அக்காவைப் பார்த்தா என்று எனக்கு விளங்குவதற்குள் சீட் வாசலைத் தாண்டிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் அண்ணி காத்துக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்தால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், உண்மையிலேயே அழகாக இருந்தது. இளமஞ்சள் வெல்வெட், ஓரம் முழுக்க உள்ளே கயிறு வைத்துச் சுருட்டின குழாய்த் தையல், தலைமாட்டில் சின்ன மெத்தை. சிம்மாசனம் தோற்றுப்போகும். "எப்படி?" என்று அண்ணி புருவத்தைத் தூக்கினார். கோபப்பட வந்தவள் ஒரு நிமிடம் மலைத்துத்தான் நின்றேன்.

சிஸ்டர் மலைக்கவில்லை. முதலில் மெத்தையை உருவினார். "சீட்டோட வராத எதையும் குழந்தைக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல வெக்கக் கூடாதுங்க. தலை முன்னால மடங்கும், மூச்சு முட்டும்." பிறகு வெல்வெட் உறையை உருவினார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பரவாயில்லை, உள்ளே கடையில் வாங்கின சீட் அப்படியே இருக்கிறது, இதோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். சிஸ்டர் தோள் பெல்ட்டை எடுத்து விரலால் நீவிக்கொண்டே பின்பக்கம் போனார். போன விரல் நின்றது.

"இது என்ன தையல்?"

"அது நான் போட்டது" என்றார் அண்ணி. அதிலும் பெருமை. "பெல்ட் அவ்வளவு நீளம் இருந்துச்சு. பொடிசு உடம்புக்கு ரெண்டு சுத்து சுத்தலாம். அதான் அளவா மடிச்சுத் தெச்சேன். லாரி தார்ப்பாய்க்குப் போடுற நூலு, யானை இழுத்தாலும் பிரியாது."

"மிச்சம்?"

"வெட்டிட்டேன். தொங்கிக்கிட்டு இருக்குமேன்னு."

சிஸ்டர் சீட்டின் முன்பக்கம், உட்காருகிற இடத்துக்குக் கீழே இருந்த ஒரு சின்ன மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு பொத்தான், பக்கத்தில் ஒரு நாடா நுனி. "இத அமுக்கினா பெல்ட் தளரும், இந்த நாடாவ இழுத்தா இறுகும். எவ்வளவு சின்னக் குழந்தைக்கும் இறுக்கிக்கலாம். வெட்ட வேண்டிய அவசியமே இல்லைங்க."

அண்ணி அந்தப் பொத்தானையே பார்த்தார். அதை மறைத்துத்தான் அவர் குழாய்த் தையல் போட்டிருந்தார்.

"பிரிச்சுடறேன். நூலத்தானே பிரிக்கணும்? வெட்டுன துண்டு கடையில இருக்கு, எடுத்துட்டு வந்து…"

"வெட்டுன பெல்ட் வெட்டுனதுதாங்க. திரும்பத் தெச்சாலும் இந்த சீட்ட நான் ஒத்துக்க முடியாது. சட்டத்துல அது சீட்டே இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். அலுவலகத்தில் சிலர் போனில் கத்திக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று ஒன்றும் பேசாமல் இருப்பார்கள், லைனில் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. அந்த ஆட்களுக்கெல்லாம் அப்போது என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"வேணாம்னு சொன்னேன்ல அண்ணி" என்று மட்டும் சொன்னேன். "ஒரு தடவயாச்சும் நான் சொல்றது உங்க காதுல விழுந்திருக்கா?"

 அண்ணி வெல்வெட் உறையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

வெளியே போன என் வீட்டுக்காரர் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார். கேட்டில் நிற்கிற டாக்ஸி டிரைவரிடம் பேசினாராம். டாக்ஸிக்கு இந்தச் சட்டம் கிடையாதாம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாராளமாகப் போகலாமாம்.

நான் சிஸ்டரைப் பார்த்தேன். "நிஜமாவா?"

"ஆமாங்க. டாக்ஸிக்கு விலக்கு உண்டு. டாக்ஸில போறேன்னு நீங்க சொன்னா என்னால தடுக்க முடியாது."

"டாக்ஸின்னா அடி படாதா சிஸ்டர்?"

"அத சட்டம் எழுதினவங்களத்தான் கேக்கணும்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "இன்னைக்குக் கடை லீவு, நாளைக்குத் தெறந்துடும். நாளைக்கு வரைக்கும் அவ இங்க இருந்தா எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. யோசிச்சுக்குங்க" என்றார்.

நாளைக்கு, நாளைக்கு. இரண்டு மாதமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடை கூடட்டும், நாளைக்குப் பார்க்கலாம். மஞ்சள் குறையட்டும், நாளைக்குப் பார்க்கலாம். இந்தச் சட்டத்தைப் படைத்தவர்களே ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கும்போது நான் எதற்கு யோசிக்க வேண்டும்? "டாக்ஸியக் கூப்பிடுங்க" என்றேன்.

பொடிசைக் கையில் வாங்கினேன். குழாய் இல்லாமல், ஒயர் இல்லாமல், கதவைத் தாண்டி முதல் தடவையாக அவள் வெளியே வந்தாள். வெயில் பட்டதும் மூக்கைச் சுருக்கினாள். நான் சிரித்துவிட்டேன், அண்ணியும் சிரித்தார், பிறகு சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

ஏற்பாடு இப்படி. எங்கள் சொந்தக் காரில், யாருக்கும் உதவாத அந்தப் புது சீட்டை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் தனியாக முன்னால் போவார். நானும் பிள்ளையும் அண்ணியும் பின்னால் டாக்ஸியில் போவோம். அதே தெரு, அதே தூரம், அதே பிள்ளை. ஒரு வண்டியில் வைத்தால் குற்றம், இன்னொரு வண்டியில் வைத்தால் சட்டப்படி சரி. இப்படி ஒரு விதியை நான் போனில் யாருக்காவது விளக்கியிருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள்.

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தோம். "நல்லா சாஞ்சுக்கோ, இந்த சீட்டு நான் தெச்சதுதான்" என்றார் அண்ணி, பேச்சுக் கொடுக்கிற மாதிரி. மெத்தென்றுதான் இருந்தது. 

டிரைவர் நடு வயசுக்காரர், நிதானமானவர். கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வண்டியை எடுக்கவில்லை.

"பெல்ட் போட்டுக்குங்கம்மா. பின் சீட்டுக்கும் கட்டாயம். போடலன்னா எனக்கு அபராதம்."

"குழந்தைக்கு?"

"குழந்தைக்கு வேணாம். உங்களுக்கு மட்டும் போடுங்க. ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுடாதீங்க, பிரேக் அடிச்சா நீங்க குழந்தைய நசுக்கிடுவீங்க. பெல்ட் உங்க உடம்புல இருக்கணும், குழந்தை அதுக்கு வெளிய இருக்கணும்."

அண்ணி ஒரு நிமிடம் பொடிசை வாங்கிக்கொண்டார். நான் பெல்ட்டை இழுத்துப் போட்டேன், டக்கென்று பூட்டிக்கொண்டது. பிள்ளையைத் திரும்ப வாங்கி, பெல்ட்டுக்கு மேலே, மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

வண்டி மெதுவாக நகர்ந்தது. ஆஸ்பத்திரிக் கேட்டை நெருங்கும்போது காவலாளி தடுப்புக் கம்பியை இறக்கினான். டிரைவர் பிரேக்கை அழுத்தினார். மிதமாகத்தான் அழுத்தினார், நடந்து போகிறவன் சட்டென்று நிற்கிற அளவுக்குத்தான். பெல்ட் என் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. என் கை நிற்கவில்லை. கையும் கையில் இருந்த பிள்ளையும் முன் சீட்டை நோக்கிப் போய், ஒரு சாண் தள்ளிப் போய், பிறகுதான் திரும்பி வந்தன.

பொடிசு முழிக்கக்கூட இல்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இறுக்கிப் புடிச்சுக்குங்கம்மா. ரோட்டுக்குப் போனா இன்னும் வேகமாப் போவோம்" என்றார். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார்.

நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். என்னால் முடிந்த இறுக்கமே அவ்வளவுதான். பெற்றதிலிருந்து சரியான சாப்பாடு இல்லாமல், தூக்கம் இல்லாமல், பால் பாட்டிலின் மூடியைத் திறக்கவே வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற கை இது. என்னைக் காப்பாற்ற ஒரு பெல்ட் இருந்தது, அவளைக் காப்பாற்ற நான் இருந்தேன், அதைச் சட்டம் போதும் என்று சொல்லியிருந்தது.  சட்டத்தின்மேல் இரண்டு நாளாக நான் பட்ட கோபமெல்லாம் அப்போதும் அப்படியேதான் இருந்தது, இப்போது வேறு காரணத்துக்காக.

காவலாளி கம்பியைத் தூக்கினான். வெளியே எங்கள் கார் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நின்றது.

"வண்டியத் திருப்புங்க" என்றேன்.

"என்னம்மா, ஏதாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல. திருப்புங்க."

அண்ணி என் முழங்கையைத் தொட்டார். "வீடு கிட்டதான இருக்கு. ரெண்டு பேருமாப் புடிச்சுக்கலாம். நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன், நீ அந்தப் பக்கம் புடிச்சுக்கோ. இத்தன நாளு துடிச்சியேம்மா…"

"அண்ணி, உங்களுக்குப் பெல்ட் இருக்கு. எனக்குப் பெல்ட் இருக்கு. இவளுக்கு மட்டும் இல்ல."

அண்ணி தன் தோளில் குறுக்கே கிடந்த பெல்ட்டைக் குனிந்து பார்த்தார்.  வண்டி திரும்பும்வரை பொடிசின் நெற்றிக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டே வந்தார்.

என் வீட்டுக்காரர் காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். என்ன ஆச்சு, பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டவரிடம், "ஒண்ணும் ஆகல, ஆகறதுக்கு முன்னாடி திரும்பிட்டேன்" என்றேன். அவர் தலையாட்டவில்லை. என் கண்ணைப் பார்த்தார், பிறகு பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

வார்டில் பொடிசின் தொட்டிலில் ஒரு பெண் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அடக்கவெல்லாம் இல்லை, நன்றாக, எல்லோரும் பார்க்கிற மாதிரியே அழுதேன்.  சிஸ்டர் அந்தப் பெண்ணிடம், "வேற விரிப்பு போடு" என்று மட்டும் சொன்னார்.

"நாளைக்குக் கடை தெறந்ததும் வந்துடறோம்" என்றேன்.

"வாங்க. நானே வந்து வண்டியில கட்டித் தரேன்."

சிஸ்டர் இரண்டு கையையும் நீட்டினார். இத்தனை நாளும் அந்தக் கையிலிருந்து இவளை வாங்கிக்கொண்டு போகிற நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். வாங்கியும்விட்டேன், கேட் வரைக்கும் போயும்விட்டேன். இப்போது யாரும் பிடுங்கவில்லை, யாரும் விதி சொல்லவில்லை. நானே கொடுத்தேன்.